தளபதிகளுக்குப் பிடிக்காத நிருபர்

சென்னையிலிருந்து பெங்களூர் சாலையில் போகிறவர்களுக்கு ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் என்றால் தொழிற்சாலைகள்தான் கண்ணில் படும். இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்கிறார்கள். ஒரகடத்தில் லாரியும் மோட்டார் சைக்கிளும் செய்கிறார்கள். ராமானுஜர் பிறந்த ஊர் இன்று இரும்பும் எண்ணெயும் மணக்கும் ஊராகிவிட்டது.

இந்தச் சாலைக்கு வடமேற்கே சற்று உள்ளே போனால் பேரம்பாக்கம். அதற்கும் அப்பால், காஞ்சிபுரத்துக்கு வடக்கே, புள்ளலூர். இரண்டும் அமைதியான கிராமப்புறம். ஆனால் 1780-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் இங்கே பீரங்கிகள் முழங்கின.

மைசூர் ஹைதர் அலி படையெடுத்து வந்த காலம் அது. கர்னல் பெய்லி என்ற ஆங்கிலேயன் குண்டூரிலிருந்து ஒரு படையோடு காஞ்சிபுரம் நோக்கி வந்தான். கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம். பல நாள் கரையிலேயே காத்துக் கிடந்தான். ஆற்றைத் தாண்டியதும் பேரம்பாக்கத்தில் திப்பு மறித்துத் தாக்கினான். செப்டம்பர் 10-ந் தேதி புள்ளலூரில் தந்தையும் மகனும் சேர்ந்து பெய்லியின் படையைச் சுற்றி வளைத்தார்கள். வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. மைசூர் ராக்கெட்டுகள் பாய்ந்தன. மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கொண்ட படை ஒரே நாளில் அழிந்தது. பெய்லி சிறைப்பட்டான். ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே 1782-ல் செத்தான்.

காஞ்சிபுரத்தில் இருந்த பெரிய தளபதி சர் ஹெக்டர் மன்றோவுக்குப் பீரங்கிச் சத்தம் கேட்டது. ஆனால் அவன் சமயத்துக்குப் போய்ச் சேரவில்லை. தோல்வி தெரிந்ததும் கனமான பீரங்கிகளைக் கோவில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டு வழியாகச் சென்னைக்குத் திரும்பினான்.

இவ்வளவு பெரிய தோல்வி, இங்கிலாந்து மக்களுக்கு எப்படித் தெரிந்தது? கப்பல் போய்ச் சேர மாதங்கள் ஆயின. போன கடிதங்களும் அதிகாரிகள் எழுதியவை. இவர் அவரைக் குறை சொன்னார். அவர் இவரைக் குறை சொன்னார். சண்டையை நேரில் பார்த்து எழுத ஒரு பத்திரிகை நிருபர்கூட அங்கே இல்லை. இருக்கவும் முடியாது. சென்னையில் முதல் பத்திரிகையே 1785-ல்தான் வந்தது.

யுத்தச் செய்தி என்றால் தளபதி எழுதியதுதான் செய்தி. உலகம் முழுவதும் அதுதான் வழக்கம். அந்த வழக்கத்தை உடைத்த மனிதர் வேறொரு நாட்டில், புள்ளலூர்ச் சண்டைக்கு நாற்பது ஆண்டுக்குப் பின் பிறந்தார். அவர் பெயர் வில்லியம் ஹவர்டு ரஸ்ஸல்.

சென்னைப் பட்டாளம் ஒன்றின் கொடுமையை உலகத்துக்குச் சொன்னவரும் அவர்தான்.

ஆஸ்பத்திரியில் கிடைத்த செய்தி

ரஸ்ஸல் அயர்லாந்துக்காரர். டப்ளின் நகருக்கு அருகே 1820-ல் பிறந்தார். தந்தை புராடெஸ்டண்டு, தாய் கத்தோலிக்கர். இரண்டு கட்சியின் பேச்சையும் கேட்டு வளர்ந்தவர். பட்டப் படிப்பை முடிக்கவில்லை. கையில் காசும் இல்லை.

1841-ல் அயர்லாந்தில் தேர்தல் நடந்தது. லண்டன் “டைம்ஸ்” பத்திரிகைக்குச் செய்தி சேகரிக்க வந்த உறவினர், இந்த வாலிபரையும் சேர்த்துக்கொண்டார். லாங்போர்டு என்ற ஊரில் பெரிய அடிதடி. யார் முதலில் அடித்தது? ஒரு கட்சிக்காரன் ஒன்று சொன்னான். மறு கட்சிக்காரன் வேறொன்று சொன்னான். ரஸ்ஸல் என்ன செய்தார் தெரியுமா? நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். இரண்டு கட்சியிலும் மண்டை உடைந்தவர்கள் அங்கேதானே இருப்பார்கள்! கட்டிலுக்குக் கட்டில் போய் விசாரித்து எழுதினார்.

பின்னாளில் கிரிமியாவிலும் லட்சுமணபுரியிலும் அவர் செய்தது இதே வேலைதான். ஆஸ்பத்திரிதான் பெரிதாக இருந்தது.

ஆரம்பத்தில் ஒருமுறை நன்றாக ஏமாந்தும் போனார். 1844-ல் அயர்லாந்துத் தலைவர் ஓகானல் மீது பெரிய வழக்கு. தீர்ப்பு வந்ததும் தனிக் கப்பலிலும் தனி ரெயிலிலும் பறந்து லண்டனுக்கு ஓடி வந்தார் ரஸ்ஸல். “டைம்ஸ்” ஆபீஸ் வாசலில் கோட்டு இல்லாமல், சட்டையோடு நின்ற ஒரு ஆள், வேலையாள் போலப் பேச்சுக் கொடுத்தான். ஓகானல் குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டதா என்று சாதாரணமாகக் கேட்டான். தன் ஆபீஸ் ஆள்தான் என்று நினைத்து ரஸ்ஸல் விவரத்தைச் சொல்லிவிட்டார். அவன் போட்டிப் பத்திரிகைக்காரன்! மறுநாள் அந்தப் பத்திரிகையிலும் செய்தி வந்துவிட்டது. அதற்குப் பிறகு ரஸ்ஸல் ஆபீஸ் வாசலில் வாய் திறந்திருக்க மாட்டார்.

கூடாரம் போயிற்று

1854-ல் இங்கிலாந்தும் பிரான்சும் துருக்கிக்குத் துணையாக ருஷ்யா மீது யுத்தம் தொடுத்தன. “டைம்ஸ்” ஆசிரியர் டிலேன், ரஸ்ஸலைப் பட்டாளத்தோடு அனுப்பினார். ஈஸ்டருக்குள் திரும்பி வந்துவிடலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார். ரஸ்ஸல் வீடு திரும்ப ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின.

பிரதம தளபதி ராக்லன் பிரபுவுக்குப் பத்திரிகைக்காரன் என்றாலே ஆகாது. ரஸ்ஸலுக்கு உணவுப் படி கிடையாது. தங்க இடம் கிடையாது. அவர் போட்ட கூடாரத்தைப் பட்டாள எல்லைக்கு வெளியே தள்ளினார்கள். அதிகாரிகள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ரஸ்ஸல் குண்டுத் தேகமும் சிரித்த முகமும் உள்ள மனிதர். பாட்டுப் பாடுவார், கதை சொல்வார், யாரோடும் உட்கார்ந்து குடிப்பார். சாதாரணச் சோல்ஜர்களும் இளம் அதிகாரிகளும் அவரைத் தேடி வந்து பேசினார்கள். தளபதி சொல்லாததை அவர்கள் சொன்னார்கள்.

ஆல்மா நதிக் கரையில் முதல் பெரிய சண்டை. எங்கே நின்று பார்ப்பது என்றுகூட ரஸ்ஸலுக்குத் தெரியவில்லை. சண்டை முடிந்த பிறகு ஆள் ஆளாகப் போய்க் கேட்டார். எழுதக் காகிதம் இல்லை. களத்தில் கிடைத்த ஒரு ருஷ்யக் கணக்குப் புத்தகத்தின் தாள்களில் எழுதினார்.

1854 அக்டோபர் 25-ந் தேதி பாலக்ளாவாச் சண்டை. இதை அவர் மலை முகட்டில் இருந்து நாடகம் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஒரு தவறான கட்டளை. அதை நம்பிச் சுமார் 670 குதிரை வீரர்கள் ருஷ்யப் பீரங்கிகளுக்கு நேராகப் பாய்ந்தார்கள். மூன்று பக்கமும் பீரங்கி. 11 மணி 10 நிமிடத்துக்குப் பாய்ச்சல் தொடங்கியது. 11 மணி 35 நிமிடத்துக்கு எல்லாம் முடிந்துவிட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதியதுபோல ரஸ்ஸல் நேரத்தைக் குறித்திருக்கிறார். சுமார் 110 பேர் மாண்டார்கள். ரஸ்ஸலின் கடிதம் நவம்பர் 14-ந் தேதி லண்டனில் அச்சாயிற்று. அதைப் படித்த இங்கிலாந்து அழுதது. ஆஸ்தானக் கவி டென்னிசன் அடுத்த மாதமே அதைப் பாட்டாக்கிவிட்டார். பள்ளிக்கூடத்தில் அந்தப் பாட்டைப் படித்தவர்கள் நம் ஊரிலும் ஏராளம். பாட்டுக்கு விதை ஒரு நிருபரின் கடிதம் என்பது பலருக்குத் தெரியாது.

ஆனால் வீரத்தைப் பாடியதால் மட்டும் ரஸ்ஸல் பெயர் பெறவில்லை. அப்படி எழுதியிருந்தால் தளபதிகள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியிருப்பார்கள்!

குளிர்காலம் வந்தது. புயலில் கப்பல்கள் மூழ்கின. கம்பளிச் சட்டை இல்லை, பூட்ஸ் இல்லை, மருந்து இல்லை. துறைமுகத்தில் சாமான் குவிந்து கிடக்கும். ஏழு மைல் தூரத்தில் சோல்ஜர் குளிரில் விறைத்துச் சாவான். நடுவே சாலை இல்லை. காலரா, பேதி, சீதளம். அந்த யுத்தத்தில் மாண்ட பிரிட்டிஷ்காரர்கள் சுமார் 20 ஆயிரம் பேர். அவர்களில் முக்கால்வாசிப் பேரைக் கொன்றது ருஷ்யன் அல்ல, நோய்!

இதையெல்லாம் ரஸ்ஸல் மறைக்காமல் எழுதினார். காயம்பட்டவர்களை ஏற்றிச் சென்ற துருக்கி நாட்டு ஆஸ்பத்திரிகளின் அவலத்தை, கான்ஸ்டாண்டிநோபிளில் இருந்த இன்னொரு “டைம்ஸ்” நிருபரான செனரி எழுதினார். இருவர் கடிதங்களும் சேர்ந்து நாட்டையே உலுக்கிவிட்டன. நிதி குவிந்தது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 38 நர்சுகளோடு புறப்பட்டுப் போனார். 1855 ஜனவரியில் அபர்டீன் பிரபுவின் மந்திரிசபை கவிழ்ந்தது. யுத்த மந்திரியாக இருந்த நியூகாசில் பிரபு பிறகு கிரிமியாவுக்கு வந்தபோது, தங்கள் ஆட்சியைக் கவிழ்த்தது நீங்கள்தான் என்று ரஸ்ஸலிடமே சொன்னாராம்.

ராக்லன் தரப்பிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. எத்தனை பீரங்கி, எந்த இடத்தில் வெடிமருந்து என்றெல்லாம் “டைம்ஸ்” அச்சிட்டது. அது ருஷ்யர் கைக்கும் போயிற்று. யுத்தம் முடியும் தறுவாயில், 1856 பிப்ரவரியில், புதிய தளபதி காட்ரிங்டன் ஒரு உத்தரவு போட்டார். எதிரிக்குப் பயன்படும் விவரம் எழுதும் நிருபரைப் போர்க்களத்திலிருந்து வெளியேற்றலாம் என்பது உத்தரவு. இன்றைய யுத்தத் தணிக்கைக்கு அதுவே பாட்டன்.

கல்கத்தாவில் கேட்ட கேள்வி

1857. இந்தியாவில் சிப்பாய்கள் எழுந்தார்கள். மீரட், டில்லி, கான்பூர், லட்சுமணபுரி. வெள்ளைக்காரப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சிப்பாய்கள் இழைத்ததாகச் சொல்லப்பட்ட கொடுமைகள் லண்டன் பத்திரிகைகளில் நிரம்பி வழிந்தன. மூக்கறுத்தார்கள், கையை வெட்டினார்கள் என்று கதை கதையாக வந்தது. பழிக்குப் பழி என்று இங்கிலாந்து கூச்சல் போட்டது.

இவை உண்மையா? போய்ப் பார்த்து எழுது என்று டிலேன் மறுபடியும் ரஸ்ஸலையே அனுப்பினார். 1858 ஜனவரியில் ரஸ்ஸல் கல்கத்தாவில் இறங்கினார்.

லாங்போர்டு ஆஸ்பத்திரியில் செய்ததையே இங்கும் செய்தார். யார் பார்த்தது? எங்கே பார்த்தது? அங்கம் அறுக்கப்பட்ட பெண் எங்கே இருக்கிறாள்? கேட்டுக்கொண்டே போனார். கண்ணால் கண்டேன் என்று சொல்ல ஒருவரும் இல்லை. எல்லாரும் யாரோ சொல்லக் கேட்டவர்கள். கான்பூரில் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டது உண்மை. அந்த இடத்தையும் ரஸ்ஸல் போய்ப் பார்த்தார்; அந்தக் கொலையை அவர் மன்னிக்கவில்லை. ஆனால் அங்கம் அறுத்த கதைகளுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டார்.

கவர்னர் ஜெனரல் கானிங் பிரபு, கண்மூடித்தனமாகத் தூக்கில் போடக் கூடாது என்று சொல்லிவந்தார். அதற்காகவே அவரை வெள்ளைக்காரர்கள் கேலி செய்தார்கள். ரஸ்ஸலின் கடிதங்கள் கானிங்குக்குப் பலமாக அமைந்தன.

தளபதி சர் காலின் காம்பெல், ரஸ்ஸலைக் கிரிமியாவிலேயே அறிந்தவர். அவர் ராக்லனைப்போல நடக்கவில்லை. எல்லா விவரமும் சொல்கிறேன். பட்டாளத்துக்குள் அதைப் பேசக்கூடாது, கடிதத்தில் மட்டும் எழுதலாம் என்று நிபந்தனை போட்டார். கடிதம் லண்டன் போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் சண்டையே முடிந்துவிடும் என்பது கிழவருக்குத் தெரியும்!

லட்சுமணபுரியில்

1858 மார்ச் மாதம் லட்சுமணபுரி முற்றுகை. தில்குஷா மாளிகையின் மேல்தளத்தில் ஏறி நகரைப் பார்த்த ரஸ்ஸல் மலைத்துப் போனார். கோபுரங்கள், தங்கக் கலசங்கள், தோட்டங்கள். பாரிசைவிடப் பெரிய, அழகான நகரம் என்று வியந்தார். சில நாளில் அந்த நகரம் சூறையாடப்படுவதையும் அவரே பார்த்தார்.

கைசர்பாக் அரண்மனை மார்ச் 14-ந் தேதி விழுந்தது. சோல்ஜர்கள் கதவை உடைத்து, கண்ணாடியை நொறுக்கி, சால்வைகளைத் தீயில் போட்டார்கள். ஒருவன் ரத்தின நகை ஒன்றை ரஸ்ஸலிடம் நீட்டினான். நூறு ரூபாய் ரொக்கம் கொடுத்தால் போதும் என்றான். ரஸ்ஸலிடம் அப்போது பணம் இல்லை. கடனுக்கு விற்க அவன் தயாராக இல்லை. அதேபோன்ற நகைகள் பின்னர் ஆயிரக்கணக்கான பவுனுக்கு விலைபோயின. காசு இல்லாததால் ரஸ்ஸலின் கை சுத்தமாயிருந்தது என்று சொல்லலாம். அவரே இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

சிரிக்கக்கூடிய செய்தி அது. சிரிக்க முடியாத செய்திகளும் அவர் நாட்குறிப்பில் உண்டு.

காஷ்மீரச் சிறுவன் ஒருவன், கண் தெரியாத ஒரு கிழவரைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு வெள்ளைக்காரப் பட்டாளத்தின் காவல் இடத்துக்கு வந்தான். அதிகாரியின் காலில் விழுந்தான்; அடைக்கலம் கேட்டான். அந்த அதிகாரி கைத்துப்பாக்கியை எடுத்துப் பையனின் தலைக்கு நேராக வைத்தான். விசையை இழுத்தான். வெடிக்கவில்லை. மறுபடி இழுத்தான், வெடிக்கவில்லை. மூன்றாம் முறையும் வெடிக்கவில்லை. மனம் மாற மூன்று முறை அவகாசம் கிடைத்தது. நான்காம் முறை வெடித்தது. பையன் அவன் காலடியிலேயே செத்து விழுந்தான். சுற்றி நின்ற சோல்ஜர்களே “வெட்கம், வெட்கம்” என்று கூவினார்களாம். அருகே இருந்தவர்கள் சொல்லக் கேட்டு ரஸ்ஸல் இதை எழுதிவைத்தார்.

மே மாதம் பரேலியில் அவர் உயிரே போகப் பார்த்தது. குதிரை உதைத்துத் தொடையில் காயம். டோலியில் படுத்திருந்தார். திடீரென்று எதிரிக் குதிரைப்படை பாய்ந்து வந்தது. போட்டிருந்த அரைகுறை உடையோடு குதிரை மீது ஏறித் தப்பினார். வெயிலில் மயங்கி விழுந்தார். பிழைத்தது பெரும் அதிர்ஷ்டம்.

டில்லியில், கைதியாக வைக்கப்பட்டிருந்த கடைசி முகலாய மன்னர் பகதூர்ஷாவையும் பார்த்தார். மங்கிய கண்ணும் தள்ளாத உடலுமாய் ஒரு கிழவர். வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். இவரா ஒரு சாம்ராஜ்யத்தை எதிர்த்துச் சதி செய்தவர் என்று ரஸ்ஸலுக்கு வியப்பு. நன்றி கெட்டவர் என்று அந்த மன்னரைக் கம்பெனியார் திட்டினார்கள். கம்பெனிக்கு இந்நாட்டில் உரிமை கொடுத்ததே அவருடைய முன்னோர்கள்தானே, யார் யாருக்கு நன்றி காட்ட வேண்டும் என்ற கேள்வியை ஒரு வெள்ளைக்கார நிருபர் அன்றே எழுப்பினார்.

இதனால் ரஸ்ஸலை இந்திய விடுதலைக்குப் பாடுபட்டவர் என்று நினைத்துவிடக் கூடாது. இந்தியாவை ஆங்கிலேயர் ஆள வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஆள்கிறவன் மனிதனாக ஆள வேண்டும் என்பதே அவர் கட்சி. இந்தியர்களைக் கேவலமான வார்த்தையால் அழைப்பதும், வேலைக்காரனைக் காரணமில்லாமல் அடிப்பதும் அவருக்குப் பொறுக்கவில்லை. இப்படியே போனால் இந்த ஆட்சி வெறும் துப்பாக்கியின் மேல்தான் நிற்கும் என்று எழுதினார்.

சென்னைப் பட்டாளமும் 42 பேரும்

இங்கேதான் நம் ஊர்த் தொடர்பு வருகிறது.

கலகம் தொடங்கியதும் சென்னையிலிருந்து கப்பல் ஏறிப் போன வெள்ளைக்காரப் பட்டாளம் “மதராஸ் பியூசிலியர்ஸ்”. அதன் தலைவன் கர்னல் நீல். காசியிலும் அலகாபாத்திலும் அவன் நடத்திய தூக்குகளுக்குக் கணக்கில்லை. அலகாபாத்திலிருந்து அதே பட்டாளத்தைச் சேர்ந்த மேஜர் ரெனாடு என்பவனை ஒரு படையோடு கான்பூர்ப் பாதையில் முன்னால் அனுப்பினான். இன்ன இன்ன கிராமங்களை அழிக்கலாம் என்று எழுதியும் கொடுத்தான்.

ரெனாடின் படையோடு போன ஒரு அதிகாரியை ரஸ்ஸல் சந்தித்தார். அவர் சொன்னது இது: இரண்டு நாளில் சாலையோரத்தில் 42 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் 12 பேர் செய்த குற்றம் என்ன? படை எதிரே வந்தபோது அவர்களுடைய முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தது! படை தங்கிய இடத்துக்கு முன்னே இருந்த கிராமங்கள் எல்லாம் கொளுத்தப்பட்டன.

இதை ரஸ்ஸல் தன் இந்திய நாட்குறிப்பில் எழுதினார். 1860-ல் அது இரண்டு பாகமாக லண்டனில் வெளிவந்தது. கான்பூர்க் கொலை நடந்ததற்குப் பழியாகத்தான் வெள்ளைக்காரர்கள் கொடுமை செய்தார்கள் என்று சொல்லிவந்தவர்களுக்கு அது பெரிய அடி. ரெனாடு மரத்துக்கு மரம் தூக்கில் போட்டது, கான்பூரில் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்படுவதற்கு முன்பு!

நீல் 1857 செப்டம்பரில் லட்சுமணபுரித் தெருவில் குண்டடிபட்டு இறந்துவிட்டான். ரஸ்ஸல் அவனைப் பார்க்கவில்லை. ஆனால் சென்னை வெள்ளைக்காரர்கள் நீலை மறக்கவில்லை. நிதி திரட்டி, மவுண்ட் ரோட்டில் வெண்கலச் சிலை வைத்தார்கள். லண்டனில் ஒருவர் உண்மையை அச்சிட்ட அதே காலத்தில், சென்னையில் சிலை எழும்பியது.

ரஸ்ஸல் சென்னைக்கும் வந்தார். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் தமிழ்நாட்டுக்கு விஜயம் செய்தபோது அவருடைய பரிவாரத்தில் ரஸ்ஸலும் இருந்தார். கொழும்பிலிருந்து தூத்துக்குடியில் இறங்கினார்கள். புதிதாகப் போட்ட ரெயில் பாதையில் மணியாச்சி, மதுரை, திருச்சி வழியாக வந்தார்கள். மணியாச்சியில் கால்டுவெல் ஐயர் முதலானோர் இளவரசரை வரவேற்றனர். (அதே மணியாச்சியில்தான் 36 ஆண்டுக்குப் பிறகு ஆஷ் துரை சுடப்பட்டார்.) சென்னையில் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். ஊரெங்கும் தோரணம், வாண வேடிக்கை. மவுண்ட் ரோட்டில் நீல் சிலை கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது. ரஸ்ஸல் இந்தப் பயணத்தையும் ஒரு தடித்த புத்தகமாக எழுதினார். ராஜ விருந்துகளும் புலி வேட்டையுமாகப் போகும் புத்தகம் அது. 1858-ல் எழுதிய ரஸ்ஸலைத் தேடுகிறவர்களுக்கு அதில் ஏமாற்றம்தான்.

அமெரிக்காவில் வசை

இந்தியாவிலிருந்து திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. 1860-ல் தரைப்படை, கடற்படைக்கென்று ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். 1861-ல் அமெரிக்க உள்நாட்டு யுத்தத்துக்குப் போனார். ஆபிரகாம் லிங்கன் அவரை வரவேற்று, மிசிசிப்பி நதியைத் தவிர “டைம்ஸ்” பத்திரிகையைவிடச் சக்தி வாய்ந்தது எதையும் அறியேன் என்று வேடிக்கையாகச் சொன்னார்.

அந்த உபசாரம் நாலு மாதம்தான் நீடித்தது. 1861 ஜூலையில் புல் ரன் என்ற இடத்தில் வடக்கத்திப் படை சிதறி ஓடியது. ரஸ்ஸல் களத்தை நோக்கிப் போகும்போதே, எதிரே ஓடி வந்தவர்களைப் பார்த்தார். பார்த்ததை அப்படியே எழுதினார். “டைம்ஸ்” இதழ் கடல் கடந்து அமெரிக்கா வந்து சேர்ந்ததும் வசை மழை பொழிந்தது. “புல் ரன் ரஸ்ஸல்” என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கொலை மிரட்டல் கடிதங்கள் வந்தன. மறு ஆண்டு படையோடு போக அனுமதி மறுத்தார்கள். அவர் கப்பல் ஏறிவிட்டார்.

1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் யுத்தம். ரஸ்ஸல் பிரஷ்ய இளவரசரின் பரிவாரத்தோடு போனார். ஆனால் காலம் மாறிவிட்டது. ஆர்ச்சிபால்டு போர்ப்ஸ் போன்ற இளம் நிருபர்கள் தந்தியில் செய்தியைப் பறக்கவிட்டார்கள். ரஸ்ஸலோ நீண்ட கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். போட்டியில் பின்தங்கினார்.

ஆனாலும் பழைய குணம் போகவில்லை. 1879-ல், ஐம்பத்தொன்பதாம் வயதில், தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷ் சோல்ஜர்கள் ஊர் மக்களிடம் நடந்துகொண்ட ஒழுங்கீனத்தை எழுதிவிட்டார். தளபதி உல்ஸ்லிக்குக் கடுங்கோபம். அந்த உல்ஸ்லி, யுத்த நிருபர்கள் படைகளுக்குப் பிடித்த சாபக்கேடு என்று முன்பே புத்தகத்தில் எழுதியவர்!

நாற்பது ஆண்டு கழித்து

கௌரவங்கள் முதலில் வந்தது வெளியிலிருந்துதான். படிப்பை முடிக்காமல் விட்ட டப்ளின் கல்லூரியே 1856-ல் டாக்டர் பட்டம் கொடுத்தது. துருக்கி சுல்தான் பதக்கம் கொடுத்தார். பிரஷ்யா இரும்புச் சிலுவை கொடுத்தது. பிரான்சு, ஆஸ்திரியா, கிரீஸ் எல்லாம் பதக்கம் கொடுத்தன. சொந்த நாட்டு ராஜாங்கம் மட்டும் வாய் திறக்கவில்லை. தளபதிகளுக்கு “சர்” பட்டமும் பிரபு பட்டமும் பென்ஷனும் அள்ளி வழங்கப்பட்டன.

விக்டோரியா மகாராணியின் ஆட்சியில் 1895-ல்தான் அவர் “சர் வில்லியம்” ஆனார். அப்போது வயது 75. கிரிமியாக் கடிதங்கள் வெளிவந்து நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்தக் கடிதங்களால் கோபம் கொண்ட பெரிய மனிதர்கள் பெரும்பாலும் கல்லறைக்குப் போய்விட்டார்கள்.

1902-ல் இன்னொரு விருது. சென்னைக்கு வந்த அதே வேல்ஸ் இளவரசர்தான் அப்போது ஏழாம் எட்வர்டு மன்னர். விருது வாங்குகிறவர் மண்டியிட வேண்டும். எண்பது கடந்த ரஸ்ஸலுக்குக் கால் மடங்காது. மண்டியிட வேண்டாம், குனிந்தால் போதும் என்று மன்னர் செல்லப் பெயர் சொல்லி மெதுவாகக் கூறினாராம்.

1907 பிப்ரவரியில் ரஸ்ஸல் காலமானார். லண்டன் புனித பால் ஆலயத்தின் அடித்தளத்தில் அவருக்கு மார்பளவுச் சிலை வைத்தார்கள். நெல்சனும் வெல்லிங்டனும் அடக்கமான இடம் அது. யுத்த நிருபர்களில் முதல்வர், தலைசிறந்தவர் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். முதல்வர் என்பதில் சிறு தகராறு உண்டு. அவருக்கு முன்பும் ஒன்றிரண்டு பேர் களத்துக்குப் போனதுண்டு. ரஸ்ஸலே தன்னை, அதிர்ஷ்டம் கெட்ட ஒரு கூட்டத்துக்குப் பாவப்பட்ட தகப்பன் என்றுதான் சொல்லிக்கொள்வார்.

சென்னையில் நீல் சிலையின் கதை வேறு விதமாக முடிந்தது. 1927-ல் தொண்டர்கள் சுத்தியலும் கோடரியும் எடுத்துச் சிலையைத் தாக்கினார்கள். திருநெல்வேலி சோமயாஜுலு முன்நின்றார். கடலூர் அஞ்சலை அம்மாள் சிறை சென்றார். இளைஞர் காமராஜ், போராட்டத்துக்கு ஆசி கேட்டுக் காந்திஜியைப் பார்த்தார். அகிம்சை வழியில் நடத்தும்படி காந்திஜி சொன்னார். பலர் ஜெயிலுக்குப் போனார்கள். சிலை அசையவில்லை.

பத்து ஆண்டு கழித்து, 1937-ல் ராஜாஜி மந்திரிசபை வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் மவுண்ட் ரோட்டிலிருந்து நீலை இறக்கினார்கள். சிலை ரிப்பன் கட்டடத்தில் சில காலம் கிடந்தது. பின்னர் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.